பாட்டின் பக்கத்தில் படம்: பெனுவா வரைந்த புஷ்கின்



ருஷ்யக் கவிதைகளுக்கு ஓவியர்கள் வரைந்த படங்களைப் பற்றித் திருத்தணியில் பேச என்ன பொருத்தம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். பொருத்தம் உண்டு. இந்த ஊரில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் நம் நாட்டின் தூதராக இருந்தார். 1949, புஷ்கின் பிறந்து 150 ஆண்டு நிறைந்த ஆண்டு. சோவியத் நாடு முழுவதும் அந்தக் கவிஞனைக் கொண்டாடியது. அதே காலத்தில் அறுபது வயதைக் கடந்த விளாதிமிர் ஃபவோர்ஸ்கி என்ற ஓவியர், ருஷ்யரின் பழம்பெரும் போர்க் காவியமான 'ஈகோர் படையெழுச்சி'க்கு மரக்கட்டையில் படம் செதுக்கிக்கொண்டிருந்தார்.

இதைவிட நெருங்கிய பொருத்தம் ஒன்றும் உண்டு. தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் இந்த ஊர்க்காரர். அவருடைய மாணவர் கந்தப்பையரும் இந்த ஊர்க்காரரே. கந்தப்பையரின் மக்கள் விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும் சென்னைக்குப் போய், 1834-இல் கல்வி விளக்க அச்சுக்கூடத்தை நிறுவினார்கள். ஏட்டில் இருந்த தமிழ்ச் செய்யுளை ஈய எழுத்தில் கோத்துத் தாளில் ஏற்றிய முதல் தலைமுறையில் திருத்தணிப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். புஷ்கின் 'வெண்கலக் குதிரைவீரன்' என்ற நெடுங்கவிதையை எழுதி முடித்தது 1833 அக்டோபரில். அங்கே அந்தக் கையெழுத்துப் படி ஜார் மன்னனின் மேசையில் தணிக்கைக்குக் காத்திருந்த காலமும், இங்கே கந்தப்பையர் மக்கள் அச்சுப்பொறி வாங்கிப் போட்ட காலமும் கிட்டத்தட்ட ஒன்று.

செய்யுள் அச்சுக்கு வரும்போது அதற்கு ஓர் உடம்பு கிடைக்கிறது. எழுத்து எவ்வளவு பெரியது, ஒரு பக்கத்துக்கு எத்தனை பாட்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை என்பதையெல்லாம் யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நம்மிடம் அதைப் பதிப்பாசிரியரும் அச்சுக் கோப்பவரும் தீர்மானித்தார்கள். செய்யுளுக்குப் பக்கத்தில் உட்காரும் உரிமையை நாம் உரையாசிரியருக்குத் தந்தோம். ருஷ்யர்கள் அந்த இடத்தில் ஓவியரையும் உட்கார வைத்தார்கள். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: நல்ல ஓவியர் கோட்டால் உரை எழுதுகிறவர். உரையாசிரியரிடம் நாம் என்னென்ன எதிர்பார்க்கிறோமோ அத்தனையும் அவரிடமும் எதிர்பார்க்கலாம். பாட்டு வெளிப்படையாகச் சொன்னதை மறுபடி சொல்லிக்கொண்டிராமல், அது சொல்லாமல் விட்ட எச்சத்தை எடுத்துத் தருவாரா, இறைச்சிப் பொருளைக் காட்டுவாரா, எங்கே நிறுத்திப் படிக்க வேண்டும் என்று உணர்த்துவாரா என்று கேட்கலாம்.

புஷ்கினிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவருக்கே வரையும் கை இருந்தது. அவருடைய கையெழுத்துப் படிகளின் ஓரங்களில் பக்கவாட்டு முகங்கள் நிறைய இருக்கும். அவருடைய சொந்த முகம் திரும்பத் திரும்ப வரும். நண்பர்கள், பெண்கள், குதிரைகள், மரங்கள் என்று பேனா ஓடிக்கொண்டே இருக்கும். 1826 ஜூலையில், ஜார் மன்னனை எதிர்த்து எழுந்த டிசம்பர் எழுச்சிக்காரர்கள் ஐவரைத் தூக்கிலிட்ட பிறகு, அவர் எழுதிய பக்கங்களில் தூக்குமரம் வரையப்பட்டிருக்கிறது. அடியும் சீரும் தேடிக்கொண்டிருந்த கை, சொல் வராத நொடியில் கோடாக மாறியது. அப்ராம் எஃப்ரோஸ் என்ற கலை ஆய்வாளர் 1930-களில் இந்தப் படங்களைத் தனிநூலாகவே ஆராய்ந்தார். நம் தாகூரின் கையெழுத்துப் படிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. 1924-இல் 'பூரபி' கவிதைகளைத் திருத்தும்போது அடித்த சொற்களை ஒன்றோடொன்று இணைத்து அவர் பறவையும் விலங்கும் ஆக்கினார். அந்தப் பழக்கம் வளர்ந்து ஓவியமாகி, 1930 செப்டம்பரில் மாஸ்கோவிலேயே அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1824 நவம்பரில் புஷ்கின் தம்பி லேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'எவ்கேனி ஒனேகின்' முதல் அதிகாரம் அச்சாகப் போகிறது. அதற்கு ஒரு படம் வேண்டும். நேவா நதிக்கரையின் கல் கைப்பிடிச் சுவரில் தானும் கதைத் தலைவன் ஒனேகினும் சாய்ந்து நிற்பதாக அவரே கிறுக்கி, இது நான், இது அவன், இது படகு, இது கோட்டை என்று எண் போட்டு அனுப்பினார். அந்தக் கிறுக்கலில் புஷ்கின் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். இரண்டு நண்பர்கள், முன்னே ஓடும் நதி, நதிக்கு அப்பால் சிறைக்கோட்டை. அவ்வளவுதான் படம். 1829-இல் 'நேவ்ஸ்கி' ஆண்டுமலருக்கு நோட்பெக் என்ற ஓவியர் அதை வரைந்து வெளியிட்டபோது, கவிஞரைத் திருப்பி நிற்க வைத்துவிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு, நதிக்கு முதுகைக் காட்டி, வாங்குகிறவர்களை நேராகப் பார்க்கிறார் புஷ்கின். கவிஞருக்குக் கோபம் வந்தது. அந்தப் படங்களைக் கேலி செய்து எழுதினார். புகழ்பெற்ற முகம் தெரிய வேண்டும் என்று ஓவியர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் பாட்டின் உயிர் இருவரும் சேர்ந்து நதியைப் பார்ப்பதில் இருக்கிறது. முகத்தைக் காட்டிய நொடியில் நதி போய்விட்டது. கவிதைக்கு வரையும் எல்லாருக்கும் இதை முதல் பாடமாக வைப்பேன்.

நூறு ஆண்டு கழித்து நிக்கோலாய் குஸ்மின் அதே நூலுக்கு வரைந்தபோது, புஷ்கினின் ஓரக்கோடுகளையே குருவாகக் கொண்டார். வேகமான, மெல்லிய, கவிஞனின் கையெழுத்தைப் போலவே ஓடுகிற பேனாக் கோடு அவருடையது. 1933-இல் 'அகாதேமியா' வெளியிட்ட அந்தப் பதிப்பு 1937 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

இனி 'வெண்கலக் குதிரைவீரன்'. கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சதுப்பு நிலத்தின் மேல் பீட்டர் மன்னன் பெரிய நகரத்தை எழுப்புகிறான். அவன் நினைவாகக் குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை ஒன்று ஆற்றங்கரையில் நிற்கிறது. பிரெஞ்சுச் சிற்பி பால்கோனே செய்த சிலை அது, 1782-இல் திறக்கப்பட்டது. அந்த நகரத்தில் எவ்கேனி என்ற ஏழை எழுத்தன், பராஷா என்ற பெண்ணை மணக்க ஆசைப்படுகிறான். 1824 நவம்பர் 7-ஆம் தேதி நேவா நதி பெருக்கெடுத்து நகரத்தை மூழ்கடித்தது உண்மையில் நடந்த ஒன்று. நீர் 13 அடிக்கு மேல் உயர்ந்தது. கவிதையில் அந்த வெள்ளம் பராஷாவின் வீட்டை அடித்துப்போகிறது. எவ்கேனிக்குச் சித்தம் கலங்குகிறது. ஒரு நாள் இரவு அந்தச் சிலைக்கு முன்னே நின்று கையை ஓங்குகிறான். சிலை முகம் திருப்புவதுபோல் தோன்றுகிறது. அவன் ஓடுகிறான். இரவு முழுவதும் வெண்கலக் குளம்போசை தன்னைத் துரத்துவதாகக் கேட்டுக்கொண்டே ஓடுகிறான். கடைசியில் ஒரு சின்னத் தீவில், வெள்ளம் ஒதுக்கிய குடிசையின் வாசலில் அவன் உடல் கிடைக்கிறது. ஐந்நூறு வரிக்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது. மன்னன் நிக்கோலாய் தன் கையாலேயே குறிப்பிட்டுத் திருத்தம் கேட்டதால், புஷ்கின் உயிரோடு இருந்தவரை முழுக்கவிதை அச்சேறவில்லை. அவர் இறந்த 1837-இல்தான், அதுவும் மாற்றங்களோடு வந்தது.

அலெக்சாந்தர் பெனுவா 1870-இல் அந்த நகரத்தில் பிறந்தவர். கட்டடக் கலைஞர்களின் குடும்பம். அந்த ஊரின் ஒவ்வொரு தூணையும் பாலத்தையும் வீட்டு உறவைப்போல் அறிந்தவர். தியாகிலெவோடு சேர்ந்து 'கலை உலகம்' என்ற இதழை நடத்திய குழுவில் முதன்மையானவர். 1903-இல், அந்த நகரத்துக்கு இருநூறு வயது நிறைந்த ஆண்டில், நல்ல பதிப்புகளை விரும்பும் செல்வர்களின் சங்கம் ஒன்று அவரிடம் இந்தக் கவிதைக்குப் படம் கேட்டது. பெனுவா கேட்டதைவிடப் பெரிதாக யோசித்தார். புஷ்கின் காலத்து ஆண்டுமலர்களைப் போலச் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறுநூல். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு படம், கீழே கவிதை. அதாவது வாசகர் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் ஒரு காட்சி நடந்துவிட வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களைச் சில மாதங்களில் முடித்தார். கறுப்புக் கோடு, அதன்மேல் மங்கிய சில நிறங்கள். பழைய அச்சுப் படத்தின் அடக்கம் அவற்றில் இருந்தது.

சங்கத்தார் பார்த்தார்கள். ஒருவர் ஒன்றை மாற்றச் சொன்னார், இன்னொருவர் இன்னொன்றை. பெனுவா மறுத்துவிட்டார். தியாகிலெவ் அந்தப் படங்களை வாங்கி, 1904-ஆம் ஆண்டின் முதல் இதழில் கவிதை முழுவதையும் படங்களோடு வெளியிட்டார். சட்டைப்பை நூலாகப் பிறந்திருக்க வேண்டியது பெரிய இதழின் பக்கங்களில் பிறந்தது. அந்த இதழும் அந்த ஆண்டோடு நின்றது.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இவற்றில் மனிதர்கள் சிறியவர்கள். எவ்கேனியின் முகத்தைப் பெரிதாகக் காட்டி அவன் துயரத்தை நமக்குச் சொல்ல பெனுவா அவசரப்படவில்லை. முதல் படங்களில் காற்றும் தாழ்ந்த கரையும் வெறும் நீர்வெளியும் இருக்கின்றன. அந்த வெளியில் பீட்டர் மன்னன் நிற்கிறான். பிறகு அரண்மனைகளும் கால்வாய்களும் எழுகின்றன. வெள்ளம் வரும்போது அந்த அரண்மனைகளே தீவுகளாகின்றன. எவ்கேனி கல் சிங்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் காட்சியில் சுற்றிலும் நீரின் கோடுகள்தான் பக்கத்தை ஆள்கின்றன. அகப்பாட்டு படித்த நமக்கு இந்த முறை நன்றாகத் தெரியும். நம் கவிஞர்கள் நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்து, கருப்பொருளைப் பின்னால் வைத்து, உரிப்பொருளை அவற்றின் நடுவே ஒளித்து வைத்தார்கள். பெனுவா அதையே செய்தார். பிரிவின் துயரத்தை நீரிடமும் கல்லிடமும் கொடுத்துவிட்டார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து, நம் திணை மரபை ஆழமாக ஆராய்ந்து, 2020-இல் மறைந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி நெய்தலையும் பாலையையும் அவ்வளவு இயல்பாக உள்வாங்கியதற்கு, நிலத்தையே பாத்திரமாக்கிப் பாடும் இந்த ருஷ்ய மரபும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

துரத்தும் காட்சிக்கு வருகிறேன். கவிதையில் சிலை உண்மையிலேயே பீடத்தை விட்டு இறங்கியதா, அல்லது சித்தம் கலங்கியவனின் காதில் மட்டும் குளம்போசை கேட்டதா என்று புஷ்கின் முடிவாகச் சொல்லவில்லை. அந்த ஐயம்தான் கவிதையின் உயிர். ஓவியருக்கோ வேறு வழியில்லை. வரைந்தால் குதிரை இருக்கும், வரையாவிட்டால் இராது. பெனுவா வரைந்தார். ஆனால் வெளிச்சத்தை நிலவிடம் விட்டார். வெறிச்சோடிய தெருக்கள், நீண்ட நிழல்கள், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்ட சின்ன உருவம், அதைத் தாண்டிப் பாயும் பெரிய கறுப்பு உருவம். அந்தக் கறுப்பு வெண்கலமா நிழலா என்று பார்ப்பவர் ஒரு நொடி தயங்குகிறார். கவிஞர் வைத்த ஐயத்தை ஓவியர் அடைத்துவிடாமல் காப்பாற்றிவிட்டார். பரிமேலழகர் இரு பொருள் கொள்ளத்தக்க இடத்தில் இரண்டையும் காட்டி நிற்கும் நிதானத்தை நான் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

பெனுவா இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியவில்லை. 1905-இல் ருஷ்யாவில் கலகம் மூண்டது. அவர் பிரான்சில் வெர்சாயில் இருந்தார். அங்கே அதே கவிதைக்கு மீண்டும் வரைந்தார், பெரிய அளவில். முகப்புப் படமாக, ஓடும் மனிதன்மேல் மலைபோல் எழும் குதிரைவீரனை வரைந்தது அப்போதுதான். 1903-இல் மெல்லிய அச்சத்தோடு இருந்த குதிரை இப்போது கொடுமையாகிவிட்டது. அரசுக்கும் எளியவனுக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த ஆண்டின் செய்திகள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். 1916-இல் மறுபடி சில படங்களைத் திருத்தினார். புரட்சி வந்தது, உள்நாட்டுப் போர் வந்தது. 1923-இல், தொடங்கி இருபது ஆண்டுக்குப் பிறகு, அந்த நூல், பெட்ரோகிராடு என்று பெயர் மாறியிருந்த அதே ஊரில் முழுமையாக வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு செப்டம்பரில், கவிதையில் வரும் வெள்ளத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, நேவா மீண்டும் நகரத்துக்குள் புகுந்தது. 1926-இல் பெனுவா தன் ஊரை விட்டுப் பாரிஸுக்குப் போனார், பிறகு திரும்பவில்லை. 1960-இல் அங்கேயே இறந்தார்.

ஒரு கவிதைக்கு இருபது ஆண்டு. மாணவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இருபது ஆண்டில் கவிதையின் ஒரு வரிகூட மாறவில்லை. வாசித்தவர் மாறினார், அவர் வாழ்ந்த காலம் மாறியது, அதனால் படம் மாறியது. இதே காரணத்தால்தான் குறளுக்கு ஓர் உரை போதவில்லை; நூற்றாண்டுக்கு நூற்றாண்டு புதிய உரை வந்தது.

கவிஞரும் ஓவியரும் ஒரே காலத்தில் வாழ்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. அலெக்சாந்தர் பிளோக் 1918 ஜனவரியில் 'பன்னிருவர்' என்ற கவிதையை எழுதினார். பனிப்புயலில் பெட்ரோகிராடின் தெருக்களில் நடக்கும் பன்னிரண்டு செம்படையினர். அவர்களில் ஒருவன் காத்யா என்ற பெண்ணைச் சுட்டுவிடுகிறான். கடைசியில் அவர்களுக்கு முன்னால், புயலுக்குள், ஏசு நடக்கிறார். 'அல்கொனோஸ்த்' பதிப்பகம் அதற்கு யூரி அன்னென்கோவைப் படம் வரையச் சொன்னது. அவருக்கு வயது இருபத்தொன்பது. உடைந்த கோணங்கள், சாய்ந்த வீடுகள், வெட்டி ஒட்டியதுபோன்ற உருவங்கள் என்று புதுப் பாணியில் வரைந்தார்.

படங்களைப் பார்த்த பிளோக் ஆகஸ்டில் ஓவியருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். படங்கள் தமக்கு மிகவும் பிடித்துவிட்டன என்று தொடங்கி, காத்யா மட்டும் தவறிவிட்டாள் என்கிறார். ஓவியர் வரைந்திருந்தது சிகரெட் பிடிக்கும் நகரத்துப் பெண். தாம் எழுதியது ஆரோக்கியமான, உருண்டை முகமுள்ள, கொச்சையும் உயிர்ப்பும் நிறைந்த நாட்டுப் பெண் என்று விளக்குகிறார். ஏசுவின் உருவத்திலும் அவருக்குக் குறை இருந்தது. அதற்குத் தீர்வாக அவர் சொன்ன யோசனை எனக்கு வியப்பூட்டுவது: காத்யா கொலையுண்டு கிடக்கும் படத்தின் இடது மேல் மூலையிலிருந்து அடர்ந்த பனி வீசட்டும், அந்தப் பனிக்குள்ளே ஏசு தெரியட்டும், அப்படி வந்தால் அதுவே நிறைவான அட்டைப்படம் என்கிறார். கவிஞர் ஓவியரிடம் முகத்தைக் கேட்கவில்லை. பக்கத்தின் ஒரு மூலையைக் கேட்டார், ஒரு திசையைக் கேட்டார், காற்றைக் கேட்டார். அன்னென்கோவ் காத்யாவைத் திரும்ப வரைந்தார். அந்த ஆண்டே நூல் வந்தது. முதல் பதிப்பு 300 படிகள். பசியும் குளிரும் நகரத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு பெண்ணின் முகம் சரியாக வரவேண்டும் என்று இருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்த அக்கறைக்கு முன் நான் தலை வணங்குகிறேன்.

ஃபவோர்ஸ்கியைப் பற்றி முன்பே குறிப்பிட்டேன். அவர் 1886-இல் பிறந்து 1964-இல் மறைந்தவர். அவருடைய கருவி பேனாவும் அன்று, தூரிகையும் அன்று. மரத்தைக் குறுக்கே அறுத்து, இழையின் முனை மேலே தெரியும்படி வழவழப்பாக்கிய கடினமான கட்டை. அதில் உளிமுனையால் கீறுவார். கீறிய இடம் வெள்ளையாகும், விட்ட இடம் கறுப்பாக அச்சாகும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்று. ஆகவே படத்தையும் பாட்டையும் ஒரே சட்டத்துக்குள் பூட்டி, ஒரே மை தடவி, ஒரே அழுத்தில் அச்சிடலாம். தனியாக அச்சிட்டு ஒட்டிய படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே தெரியும் அந்நியம் இங்கே இல்லை. எழுத்தின் கறுப்பும் படத்தின் கறுப்பும் ஒரே கறுப்பு.

ஃபவோர்ஸ்கி இதை வெறும் வசதியாகக் கருதவில்லை. புத்தகம் என்பதே ஒரு படைப்பை இடத்தில் விரித்துக் காட்டுவது என்று தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். 1920-களில் மாஸ்கோவின் புகழ்பெற்ற வ்ஹுதேமாஸ் கலைப் பள்ளிக்குத் தலைவராகவும் இருந்தார். புஷ்கினின் 'கொலோம்னாவில் ஒரு சின்ன வீடு' என்ற நகைச்சுவைக் கவிதைக்கு அவர் செதுக்கிய சிறு படங்கள் பாட்டின் ஓரத்திலேயே வந்து நிற்கின்றன. கவிதை பேச்சுவாக்கில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகும்போது, ஓரத்தில் அதன் உருவம் தலைகாட்டிவிட்டு மறைகிறது. 'ஈகோர் படையெழுச்சி'யில் அவர் குரல் மாறுகிறது. படைவரிசைகள் பக்கத்தின் குறுக்கே நகர்கின்றன. எழுத்துகளும் வீரர்களைப்போல் அணிவகுத்து நிற்கின்றன. நகைச்சுவைக் கவிதைக்கு ஒரு நடை, காவியத்துக்கு ஒரு நடை. அருணகிரிநாதரின் சந்தங்களை இந்த மலையடியில் கேட்டு வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: சந்தம் மாறினால் பாடலின் முகம் மாறும். ஃபவோர்ஸ்கி சந்தத்தைக் கண்ணால் கேட்டு வரைந்தவர். 'ஈகோர்' படங்களுக்கும், புஷ்கினின் 'போரிஸ் கொதுனோவ்', 'சிறு துன்பியல் நாடகங்கள்' ஆகியவற்றுக்குச் செதுக்கிய படங்களுக்குமாக 1962-இல் அவருக்கு லெனின் பரிசு கிடைத்தது.

மரக்கட்டைப் படம் நமக்குப் புதிதன்று. 'பெரிய எழுத்து' நூல்களை இந்த அவையில் உள்ள மூத்தவர்கள் கையில் தொட்டிருப்பார்கள். அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, புலந்திரன் களவு. சென்னையில் இரத்தின நாயகர் போன்றோர் வெளியிட்டு, திருவிழாக் கடைகளிலும் கோயில் தெருக்களிலும் விற்றவை. விளக்கு வெளிச்சத்தில் படிக்கும் முதியவர்களுக்காகப் பெரிய எழுத்து. நடுநடுவே பிளாக்குப் படம். அவையும் பாட்டு நூல்கள்தாம், உரக்கப் பாடிக் கேட்ட நூல்கள்தாம். அந்தப் படங்களை எளியவை என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. தடித்த கோடு, பெரிய கண், தெளிவான கை அசைவு எல்லாம் எழுத்தின் தடிப்போடு இசைந்து நின்றன. குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு கதைக்கு வெட்டிய பிளாக்கை வேறு கதைக்கும் போட்டார்கள். அரசன் என்றால் ஓர் அரசன், அழும் பெண் என்றால் ஓர் அழும் பெண். அந்தப் பாட்டை, அந்தப் பாட்டை மட்டும் படித்து வரைவதற்கு யாரும் அந்தக் கைவினைஞருக்குக் காலமும் கூலியும் தரவில்லை.

பின்னால் வார இதழ்கள் வந்தன. கவிதைக்குப் படம் போடும் வழக்கமும் வந்தது. மிகத் திறமையான கைகள் நம்மிடம் இருந்தன, இருக்கின்றன. ஆனால் கவிதை ஆற்றங்கரையைச் சொன்னால் ஆற்றங்கரை, நிலவைச் சொன்னால் நிலவு, காதலைச் சொன்னால் நீண்ட கூந்தலோடு ஒரு பெண் முகம் என்று பழகிவிட்டோம். நோட்பெக் புஷ்கினைத் திருப்பி நிற்க வைத்தாரே, அதே பழக்கம்தான். இதழ் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது கவிதையை ஓவியரிடம் கொடுத்தால், அவர் வேறு என்ன செய்ய முடியும்?

விலக்குகளும் உண்டு. துறையூருக்கு அருகே கீரம்பூரில் 1938-இல் பிறந்த கே.எம். ஆதிமூலத்தை நான் பெருமையோடு சொல்வேன். 1969-இல் காந்தி நூற்றாண்டின்போது அவர் வரைந்த நூறு காந்தி கோட்டோவியங்கள் அவருக்குப் புகழ் தந்தன. 'நடை', 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களைச் சார்ந்த கவிஞர்களோடு அவர் நெருங்கிப் பழகியவர். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அவர் வரைந்த கோடுகளைப் பாருங்கள். உழவன் முகத்தில் ஓடும் கோடும் வெடித்த கரிசல் மண்ணில் ஓடும் கோடும் ஒன்றாகவே இருக்கும். கதையில் நடந்ததை அவர் காட்டவில்லை. கதை எந்த மண்ணிலிருந்து முளைத்ததோ அந்த மண்ணைக் காட்டினார். அது உரைநடை. செய்யுளுக்கு, நம் பழஞ்செய்யுளுக்கு, இப்படி ஒருவர் உட்கார்ந்து சில ஆண்டுகளைச் செலவிட நாம் இடம் செய்து கொடுத்தோமா என்பதுதான் என் ஆதங்கம்.

ருஷ்ய நூல்கள் தமிழில் வந்த கதை உங்களுக்குத் தெரியும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு அனுப்பிய நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோரின் உழைப்பால் டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் நம் வீட்டு அலமாரிக்கு வந்தார்கள். தொ.மு.சி. ரகுநாதன் மயகோவ்ஸ்கியின் லெனின் காவியத்தைத் தமிழில் தந்தார். ஆனாலும் நாவலும் சிறுகதையும் வந்த அளவுக்குக் கவிதை வரவில்லை. கவிதையோடு பிறந்த இந்தப் படமரபும் நம் கண்ணுக்கு அதிகம் படவில்லை. குழந்தை நூல்களின் வண்ணப் படங்கள் வழியாகத்தான் நம்மில் பலர் ருஷ்ய ஓவியர்களின் கையை அறிந்தோம். அந்தப் படங்கள் நம் நினைவில் இத்தனை ஆண்டு நிற்கின்றன என்றால், பெரியவர்களுக்காக அவர்கள் வரைந்தது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த அவையில் இருக்கும் அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்க விரும்புகிறேன். கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணத்தில் களவுப் படலம் என்று ஒரு பகுதி இருக்கிறது. முருகனும் வள்ளியும் சந்திக்கும் கதை. அகப்பொருள் இலக்கணம் அறிந்த புலவர் அதை முழு அகத்துறையாகவே விரித்துப் பாடியிருக்கிறார். தினைப்புனம், பரண், கவண், கிளி, யானை என்று குறிஞ்சியின் கருப்பொருள் எல்லாம் அதில் இருக்கிறது. வள்ளியும் முருகனும் நாட்காட்டியில் எப்படி இருப்பார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு முகங்களையும் வரையாமல் அந்தப் படலத்துக்குப் படம் வரையச் சொல்லி ஓர் இளம் ஓவியரைக் கேளுங்கள். புனத்தை வரையட்டும், பரணிலிருந்து பார்த்தால் தெரியும் பள்ளத்தாக்கை வரையட்டும், கல் எறிந்த கவணின் கயிறு காற்றில் நிற்பதை வரையட்டும்.

தமிழாசிரியர் ஒருவர் அந்த ஓவியரோடு உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு பொருள் சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் பதம் பிரித்துக் காட்ட வேண்டும். பிளோக் அன்னென்கோவுக்குச் செய்த உதவியை, மறைந்த கவிஞனின் சார்பில் ஆசிரியர்தான் செய்ய முடியும். முதலில் முழுப் படலமும் வேண்டாம். இருபது பாடல்கள் போதும். பக்கத்துக்கு ஒரு பாடல், அதன் மேலே ஒரு படம். அச்சிடும் தாள் மை ஊறாத நல்ல தாளாக இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், மூத்தவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி. நூல் பெனுவா விரும்பியதுபோல் சட்டைப்பைக்குள் அடங்கட்டும். மலைக்கு வருகிறவர்கள் வாங்கக்கூடிய விலையில் அடிவாரத்துக் கடைகளிலேயே கிடைக்கட்டும். ஓவியருக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் காலம் கொடுங்கள். அந்த இரண்டு ஆண்டும் அவர் வேறு வேலை தேடி அலையாதபடி மாத ஊதியமும் கொடுங்கள். முதல் ஆண்டு முடிவில் அவர் கொண்டுவரும் படங்களைக் குழுவாக உட்கார்ந்து பார்ப்பீர்கள். அப்போது உங்களுக்குப் பிடிக்காதது ஏதேனும் இருந்தால், மாற்றச் சொல்லும் முன் அந்தப் பாட்டை அவரோடு சேர்ந்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.